பீடோங் வழியாகக் கடாரம்

சிங்கப்பூருக்கும் இடிந்துபோன ஒரு பழைய நகரம் உண்டு. பார்ப்பதற்குத்தான் ஒன்றும் மிச்சமில்லை. 1822-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜான் கிராஃபர்ட் இப்போதைய ஃபோர்ட் கேனிங் குன்றில் ஏறியபோது செங்கல் அடித்தளங்களையும், உச்சிக்குப் பக்கத்தில் ஏறக்குறைய நாற்பதடிச் சதுர மேடை ஒன்றையும், மேடையின் விளிம்பில் துளை குடைந்த பதினான்கு மணற்கற்களையும் பார்த்துக் குறிப்பெழுதினார். மரத்தூண் நிறுத்துவதற்கான துளைகளாக இருக்கும் என்பது அவர் எண்ணம். அந்த மேடையை இன்று தேடிப் பயனில்லை. குன்றில் கல்யாணப் படம் எடுக்கிறார்கள், மாலையில் ஓடுகிறார்கள், கச்சேரி நடத்துகிறார்கள். 1984-இல் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் அங்கே அகழ்ந்த பிறகுதான் பதினான்காம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகளும் கண்ணாடித் துண்டுகளும் வெளியே வந்தன. ராஃபிள்ஸுக்கு ஐந்நூறு ஆண்டுக்கு முன்பே இங்கே ஊர் இருந்ததென்று பள்ளிப் பாடத்தில் சேர்க்கும் அளவுக்கு அது உறுதியாயிற்று.

ஆற்று முகத்துவாரத்தில் நின்ற கல்வெட்டுப் பாறையின் கதை இன்னும் மோசம். ஏறத்தாழ ஐம்பது வரி எழுத்து இருந்த பாறை. 1843-இல் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். சிதறியதில் எழுத்துள்ள துண்டுகளைத் தேடிப் பிடித்துக் கல்கத்தாவுக்கு அனுப்பியவர் ஜேம்ஸ் லோ என்ற கம்பெனி அதிகாரி. ஒரு துண்டு திரும்பி வந்து ஸ்டாம்ஃபோர்டு சாலைத் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள், விளக்குப் போட்டிருக்கிறார்கள். முழுதாகப் படித்துச் சொன்னவர் இன்றுவரை இல்லை. இதே ஜேம்ஸ் லோதான் கெடாவின், அதாவது பழைய கடாரத்தின், காட்டுக்குள் பழைய கோயில் இடிபாடுகள் கிடப்பதாக முதலில் எழுதியவர்களில் ஒருவர். சிங்கப்பூர்க் கல்லின் துண்டைப் பொறுக்கிய கை கடாரத்துச் செங்கலையும் தொட்டிருக்கிறது என்பது எனக்கு நெடுநாள் தெரியாது. தெரிந்த நாளிலிருந்து அங்கே போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

போகவைத்தவர் மச்சான். 2019 தொடக்கத்தில் ஊரெங்கும் இருநூறாண்டுப் பேச்சு. ராஃபிள்ஸ் வந்த 1819-இலிருந்து எண்ணி விழா எடுத்தார்கள். ஆற்றங்கரையில் அவர் சிலைக்குப் பக்கத்தில் சாங் நீல உத்தமா, முன்ஷி அப்துல்லா, டான் டோக் செங், நாராயண பிள்ளை ஆகியோருக்கும் சிலை வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் மீன் வாங்கிவிட்டு மாடிப்படி ஓரம் டீ குடித்துக்கொண்டிருந்தோம். நாராயண பிள்ளைக்கு இப்போதாவது சிலை வந்ததே என்று நான் சொன்னேன். அவர் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸோடு கப்பலேறி வந்து, தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டு, சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு அடிகோலியவர்.

“பினாங்குலேர்ந்துதான வந்தாரு? அதுக்கு எதிர்க்கரதான் கடாரம்,” என்றார் மச்சான். “எரநூறு வருஷத்துக்கே இவ்ளோ மேளம். அங்க ஆயிரம் வருஷக் கணக்கு கெடக்குது. மார்ச் லீவுல வண்டிய எடுப்போம். ராஜேந்திரன் போன எடத்துக்கு நாம போவலன்னா எப்புடி?”

மச்சானுக்கு ராஜேந்திர சோழன் என்றால் உறவுக்காரன் மாதிரி. எங்கள் தலைமுறையில் பலருக்கும் அப்படித்தான். சாண்டில்யனின் ‘கடல் புறா’வையும் அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ நாவலையும் இரவல் வாங்கிப் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். கடாரம் என்றாலே பாய்மரம், வாள், புலிக்கொடி. அகிலன் மலேசியாவுக்கு வந்துபோய், பால்மரம் வெட்டிப் பிழைத்த தமிழர்களைப் பற்றி ‘பால்மரக்காட்டினிலே’ என்று ஒரு நாவல் எழுதினார். அப்பாவின் அலமாரியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சோழன் கதைக்கு அட்டை கிழிந்து இரண்டு முறை ஒட்டுப்போட்டாயிற்று. தோட்டத்துக் கதை புத்தம் புதிதாக இருந்தது. இத்தனைக்கும் அப்பா தோட்டத்தில் பிறந்தவர்.

அந்தத் தோட்டம் இருந்தது கெடாவில், பீடோங்குக்குப் பக்கத்தில். அப்பா ஐம்பதுகளில் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை கிடைத்து சிங்கப்பூருக்கு வந்தவர். அவர் தங்கை, என் அத்தை, கல்யாணமாகிப் பின்னால் வந்து சேர்ந்தார். அப்பா காலமாகிவிட்டார், அத்தை ஈசூனில் இருக்கிறார். நாங்கள் கெடா போகிறோம் என்று கேள்விப்பட்டதும், “நானும் வரேன். பீடோங் வழியாத்தான போவீங்க?” என்றார். வழியை வரைபடத்தில் பார்த்தேன். சுங்கைப்பட்டாணியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, பீடோங், செமிலிங், மெர்போக். அத்தை பிறந்த ஊரைத் தாண்டாமல் கடாரத்துக்குப் போக முடியாது என்பதை மச்சானும் நானும் அன்றுதான் கவனித்தோம்.

கிளம்புவதற்கு முதல் நாள் அத்தை சிராங்கூன் சாலைக்குப் போய் ஒரு சிவப்புச் சேலை, குங்குமம், கற்பூரம் எல்லாம் வாங்கிவந்திருந்தார். எதற்கு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. சிங்கப்பூர் வண்டி முக்கால் தொட்டி பெட்ரோல் இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது என்பது சட்டம். அதை முடித்துக்கொண்டு விடியுமுன் உட்லண்ட்ஸ் பாலத்தில் ஏறினோம். ஒரு கிலோமீட்டர் நீளப் பாலம். விடுமுறைக் கூட்டத்தில் அதைக் கடக்க ஆன நேரத்தைப் பற்றிப் பேச வேண்டாம். ஜொகூர் தாண்டிவிட்டால் சாலை சொர்க்கம். எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே ஒரே நெடுஞ்சாலை. 1994-இல் அது முழுதாகத் திறக்கும்வரை ஊர் ஊராகப் புகுந்து போக வேண்டியிருந்ததை அத்தை விவரித்துக்கொண்டே வந்தார்.

ஜன்னலுக்கு வெளியே செம்பனை. ஜொகூரில் செம்பனை, மலாக்கா எல்லையில் செம்பனை, நெகிரி செம்பிலானில் செம்பனை. என் மகள் தலையை உயர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி கைப்பேசிக்குள் போய்விட்டாள். அத்தை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தார். “இதெல்லாம் பால்மரமா இருந்தது. செம்பன வந்த பொறவு ஆள் தேவப்படல, லயத்த இடிச்சுட்டானுங்க,” என்று ஒரு முறை சொன்னார். பிறகு விடியற்காலைப் பெரட்டு, கிராணியின் பெயர்ப்பட்டியல், மங்கில் பால் நிரம்புமுன் மழை வந்தால் அன்றைக்குச் சம்பளம் போச்சு என்று தொடங்கி, கோலாலம்பூர் வந்தும் நிறுத்தவில்லை. மகள் காதிலிருந்த பாட்டை எப்போது கழற்றினாள் என்று நான் பார்க்கவில்லை. தாப்பா ஓய்விடத்தில் புளிச்சோறு சாப்பிடும்போது, “பாட்டி, மங்குன்னா தேங்கா செரட்டையா?” என்று கேட்டாள். பீங்கான் கிண்ணமும் இருந்தது, சிரட்டையும் இருந்தது என்றார் அத்தை.

ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளையும் தைப்பிங்கின் மழையையும் கடந்து பினாங்குப் பாலத்தின் விலகுபாதைப் பலகைகள் வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. சுங்கைப்பட்டாணி நெருங்கும்போது இடப்பக்கம் முன்னே ஜெராய் மலை எழுந்தது. 1,217 மீட்டர்தான் உயரம். ஆனால் சுற்றிலும் வயலும் கடலும் மட்டமாகக் கிடப்பதால் தனியாகத் தலை தூக்கி நிற்கிறது. வங்கக் கடலைக் குறுக்கே தாண்டி வந்த மாலுமிக்குக் கரையின் முதல் அடையாளம் இந்த மலை. நாகப்பட்டினத்திலிருந்தோ காவிரிப்பூம்பட்டினத்திலிருந்தோ புறப்பட்டவன் வழி தப்பாமல் வந்திருந்தால் இதைப் பார்த்திருப்பான். பட்டினப்பாலையில் வரும் காழகம் இந்தக் கரைதான் என்று சொல்வோர் உண்டு. மச்சான் வண்டியை ஓரம் கட்டிப் படம் எடுத்தார். “கடாரம் கொண்டான்,” என்று உரக்கச் சொன்னார். பின்னால் வந்த லாரி ஒலியெழுப்பியது.

மறுநாள் காலை மெர்போக் அரும்பொருளகம். மலையடிவாரத்தில், சலசலத்து ஓடும் ஓடைக் கரையில் 1980-இல் அமைத்தது. நுழைவுச்சீட்டு கிடையாது. ஓடையில் மலாய்க் குடும்பங்கள் குளித்துக்கொண்டிருந்தன. சோற்றுப் பொட்டலங்களைப் பாறைமேல் பரப்பியிருந்தார்கள். மரநிழலில் படி ஏறிப்போனால் புக்கிட் பத்து பாஹாட் கோயில். மகள் நின்று பார்த்தாள். “இவ்வளவுதானா?”

அவளைக் குறை சொல்ல முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு அங்கே இருப்பது கருங்கல் துண்டுகளை அடுக்கிய ஒரு மேடை மட்டுமே. கருவறைப் பகுதி சற்று உயரம், முன்மண்டபம் தாழ்வு. 1930-களில் தொல்லியலாளர் குவாரிச் வேல்ஸும் அவர் மனைவி டோரதியும் இந்தப் பூஜாங் பள்ளத்தாக்கில் முப்பது இடங்கள்போலத் தேடித் தோண்டினார்கள். இந்தக் கோயிலை 1959-60-இல் அலஸ்டேர் லாம்ப் மறுபடி அகழ்ந்து, சரிந்த கற்களை எடுத்து நிறுத்தினார். கட்டடத்துக்கடியில் கருங்கல் பேழைகள் கிடைத்தன. உள்ளே சிறு குழிகள். செம்புக் கலசமும் பொன்தகடும் மணிகளும் வைத்திருந்தார்கள். நம்மூரில் கர்ப்பந்யாசம் என்று செய்வார்களே, அந்த வகை. ஆனால் மேலே கல் விமானம் கிடையாது. மண்டபத்தில் வரிசையாக நிற்கும் பீடக்கற்களில் தூண் நிறுத்தும் குழிகள் இருக்கின்றன. தூண்கள் மரத்தூண்கள். மேலே ஓலையோ பலகையோ வேய்ந்திருப்பார்கள். அதெல்லாம் எப்போதோ மண்ணாகிவிட்டது.

நான் அந்தக் குழிகளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டேன். கிராஃபர்ட் எங்கள் குன்றில் எண்ணி எழுதிய பதினான்கு கற்கள் எப்படி இருந்திருக்கும் என்று முதல் முறையாகக் கண்ணால் பார்த்தது போலிருந்தது. காலம் வேறு, கல் வேறு, கட்டியவர்கள் வேறு. ஆனால் மழை ஓயாத இந்த நாட்டில் கல்லால் தளம் போட்டு மரத்தால் கோயில் எழுப்பும் முறை இங்கத்தியது. தெய்வம் கடல் கடந்து வந்திருக்கலாம். தச்சன் இந்த ஊர்க்காரன்.

கோலாலம்பூரிலிருந்து ஒரு பேருந்து நிறையத் தமிழர்கள் வந்திறங்கினார்கள். வழிகாட்டியாக வந்தவர் உரத்த குரலில், “இது ராஜேந்திர சோழன் கட்டின கோயில்,” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். மச்சான் தட்டவில்லை, அதைச் சொல்ல வேண்டும். முந்தின இரவு விடுதியில் நாங்கள் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். 1025-இல் ராஜேந்திரனின் கடற்படை ஸ்ரீவிஜயப் பேரரசின் துறைமுகங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கியதும், கடாரத்து அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைப் பிடித்ததும் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் இருக்கின்றன. பட்டியலில் கடைசிப் பெயர் கடாரம். ஆனால் அந்தக் கல்வெட்டு இருப்பது தஞ்சாவூரில். இந்தப் பள்ளத்தாக்கில் சோழன் கட்டினான் என்று சொல்லும் ஒரு கல்கூடக் கிடைத்ததில்லை. வந்தார்கள், வென்றார்கள், கொள்ளையிட்டார்கள், திரும்பினார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்த கதை அதற்கு இருபது ஆண்டு முந்தியது. கடாரத்து அரச குலத்தார் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பினார்கள். சூளாமணி விகாரம் என்று பெயர். அதற்கு ராஜராஜன் தன் இருபத்தோராம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரையே இறையிலியாகக் கொடுத்தான். அந்தச் செப்பேடுகள் டச்சுக்காரர் கையில் சிக்கி லெய்டனுக்குப் போய், அந்த ஊர்ப் பெயராலேயே புகழ்பெற்றன. சைவ அரசன், பௌத்த நன்கொடையாளன், நடுவில் ஒரு கடல். மகன் ராஜேந்திரன் காலத்தில் அந்தக் கடலில்தான் படை போயிற்று. நீரிணை வணிகத்தில் யார் கை ஓங்குவது என்ற போட்டியே காரணம் என்பது பல அறிஞர்களின் கருத்து. படையெடுப்புக்கு நம்மிடம் நாவல் நாவலாக இருக்கிறது. விகாரத்துக்கு ஒன்றும் இல்லை. நாகையில் பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை நின்றிருந்த, மாலுமிகள் சீனக் கோபுரம் என்று அழைத்த செங்கல் கோபுரத்தை 1867-இல் ஏசு சபையார் அரசின் ஒப்புதலோடு இடித்துவிட்டார்கள்.

உள்ளே காட்சிக்கூடத்தில் அதிக நேரம் இருந்தோம். சுடுமண் பிள்ளையார் ஒருவர். அபிஷேக நீர் வடியும் கல் வாய்க்கால். பெங்காலான் பூஜாங்கில் கிடைத்த சீனப் பீங்கான், மேற்காசியக் கண்ணாடி. பிறகு மணிகள்: மஞ்சள், சிவப்பு, நீலம், கடுகளவு. மகள் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு மணிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரசன் பெயர் எதுவும் அங்கே இல்லை. தென்மேற்குக் காற்றில் வந்து, காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் சாப்பிட்ட கிண்ணமும் விற்ற மணியும் கும்பிட்ட பிள்ளையாரும்தான் இருந்தன. மாலுமி ஒருவன் மட்டும் பெயர் சொல்லிப் போயிருக்கிறான். ஐந்தாம் நூற்றாண்டையொட்டிய புத்தகுப்தன். பயணம் நல்லபடி முடிய வேண்டிக் கல் வெட்டிவைத்த கப்பல் தலைவன். அவன் கல்லைக் கண்டெடுத்ததும் ஜேம்ஸ் லோதான், 1834-இல், கெடாவுக்குத் தெற்கே. அது இப்போது கல்கத்தாவில்.

வெளியே வந்தால் அத்தை காவலாளியோடு கெடா மலாயில் பேசிக்கொண்டிருந்தார். ஐம்பது ஆண்டுக்கு மேல் சிங்கப்பூரில் இருந்தும் அந்தப் பேச்சு போகவில்லை. காவலாளிக்கு ஒரே மகிழ்ச்சி. தோட்டத்தில் செங்கல் மேடுகள் இருந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். “பால்மரத்துக்கு நடுவுல மேடு மேடா இருக்கும். பாம்பு கெடக்குதுன்னு எங்கள அண்ட விடமாட்டாங்க. ஆனா ஆயுத பூசைக்கு மட்டும் மண்டோரு ஒரு கல்லுக்குப் பொட்டு வெச்சுத் தேங்கா ஒடைப்பாரு.” ஏன் என்று கேட்டேன். “சாமி இருந்த எடம்னு எல்லாருக்கும் தெரியும்.” வேல்ஸ் ஆய்வு செய்த இடங்களில் பல ரப்பர் தோட்டங்களுக்குள் இருந்தவை. தம் நூலின் தலைப்பிலேயே அவர் பண்டை இந்தியக் குடியேற்றம் என்று எழுதினார். அவர் தோண்டிய அதே நாளில் சுற்றிலும் கித்தா மரம் வெட்டிக்கொண்டிருந்த இந்தியர்கள் அவர் கண்ணில் பட்டிருப்பார்கள், ஆய்வுக்குள் வரவில்லை.

அந்தத் தோட்டக் கோயில்களில் ஒன்று, சுங்கை பத்து தோட்டத்தில் இருந்த பதினோராம் எண் இடம், இப்போது இல்லை. வீட்டு மனைத் திட்டத்துக்காக நிலத்தைச் சமன்செய்தபோது அதுவும் போயிற்று. 2013 டிசம்பரில் பூஜாங் பள்ளத்தாக்கு ஆய்வு வட்டத்தின் வி. நடராஜன் அதை வெளியே கொண்டுவந்தார். நாடெங்கும் கொதித்தார்கள். 1,200 ஆண்டுப் பழமை என்று செய்தித்தாள்கள் எழுதின. அந்த இடம் முறைப்படி அறிவிக்கப்பட்ட மரபுச் சின்னமாக இருக்கவில்லை என்பதுதான் ஓட்டை. அங்கே போக வேண்டும் என்று மச்சான் சொன்னார். மனைப்பிரிவைப் போய்ப் பார்த்து என்ன செய்வது என்று நான் மறுத்துவிட்டேன். இதில் நாங்கள் யாருக்கும் புத்தி சொல்லும் நிலையில் இல்லை. எங்கள் ஊர்க் கல்லுக்கே வெடி வைத்த ஊர்க்காரர்கள் நாங்கள்.

செமிலிங் பக்கத்தில் செம்பனைக்கு நடுவே சுங்கை பத்து அகழாய்வு வளாகம். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் மொக்தார் சைடின் தலைமையில் தோண்டத் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேலாகியிருந்தது. இங்கேதான் நான் எதிர்பாராதது இருந்தது. கோயில் அல்ல, பட்டறை. இரும்பு உருக்கிய உலைகளின் எச்சம், உலைக்குள் காற்றூதிய சுடுமண் குழாய்கள் குவியல் குவியலாக, எங்கு பார்த்தாலும் கறுத்துக் கனத்த கிட்டம். வற்றிப்போன பழைய ஆற்றின் கரையில் செங்கல் படித்துறைகள். இரும்பை உருக்கி அங்கேயே கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள். ஒரு வட்டச் செங்கல் மேடை கி.பி. 110-ஐச் சேர்ந்தது என்று அறிவித்தார்கள், பிறகு கி.மு. 788 வரை கணக்குப் பின்னால் போயிற்று. அந்தப் பழைய ஆண்டை எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை. ஆனால் நூற்றாண்டுக்கணக்கில் இங்கே உலை எரிந்ததை மறுக்கவும் முடியாது. ஈரோட்டுப் பக்கத்துக் கொடுமணலில் இரும்பு உருக்கியதும் மணி கோத்ததும் மனத்தில் ஓடின. யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று உடனே கேட்கத் தோன்றுகிறது. அந்தக் கேள்வியே பாதிச் சண்டைக்குக் காரணம். மலேசியாவில் ஒரு சாரார் இது முழுக்க உள்ளூர் நாகரிகம், இந்தியத் தொடர்பு பெரிதல்ல என்பார்கள். எதிர்ச்சாரார் எல்லாம் தமிழன் போட்டது என்பார்கள். வெயிலில் நின்று அந்தக் குழாய்க் குவியலைப் பார்த்தபோது இரண்டு பேச்சும் சலிப்பாக இருந்தது. இரும்பு இந்த மண்ணில் கிடைத்தது. அதை வாங்க ஆள் கடல் தாண்டி வந்தான். வந்தவர்களில் சிலபேர் தங்கினார்கள். துறைமுகம் என்றால் அப்படித்தான். தேக்காவில் பிறந்து வளர்ந்த எவனுக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அத்தை குனிந்து ஒரு கிட்டத்தைப் பார்த்து, “இதால மாங்கா அடிப்போம்,” என்றார். எடுக்கக்கூடாது என்று இளைஞரான வழிகாட்டி பதறினார். “நான் எடுக்கலப்பா. அறுபது வருஷத்துக்கு முன்னாடியே எடுத்தாச்சு.”

பிறகு பீடோங். அத்தையின் தோட்டத்தைத் தேடி இரண்டு மணி நேரம் சுற்றினோம். கைப்பேசி வரைபடத்தில் அந்தப் பெயர் இல்லை. லயம் இருந்த பக்கம் வரிசை வீடுகள் வந்திருந்தன. பெரட்டுக்களம், ஆயாக்கொட்டாய், கள்ளுக்கடை எதுவும் இல்லை. கள்ளுக்கடை என்றதும் அத்தைக்குப் பேச்சு வந்தது. பக்கத்து ஹார்வர்டு தோட்டத்தில் லாரி ஓட்டிய ஏ. எம். சாமி 1946-47-இல் தொண்டர் படை சேர்த்தார். தோட்டத்துப் பையன்கள் மாலையில் கம்பு பிடித்து அணிவகுத்தார்கள். சம்பளத்தைக் கள்ளில் இழக்காதே என்று கடைவாசலில் மறியல் செய்தார்கள். தோட்டத்துக் கள்ளுக்கடைகள் முதலாளிகளின் ஏற்பாடு; அதைத் தொட்டால் விடுவார்களா? 1947 தொடக்கத்தில் பீடோங்கில் போலீசோடு மோதல், உயிர்ச்சேதம், கைது. மலாயாத் தொழிலாளர் வரலாறு எழுதியவர்கள் அதற்குப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். அத்தைக்கு அப்போது ஆறு வயது. “அப்பா காக்கிக் காச்சட்ட போட்டுக்கிட்டு நிப்பாரு. அம்மா வெளக்க அணைச்சிட்டு எங்கள உள்ள படுக்க வெப்பாங்க. எதுக்குன்னு அப்ப தெரியல.”

என் தாத்தா தொண்டர் படையில் இருந்தார் என்பதை ஐம்பது வயது தாண்டி ஒரு மனைப்பிரிவுச் சாலையோரம் கேட்கிறேன். அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. சோழனைப் பற்றி மணிக்கணக்கில் சொல்லியிருக்கிறார்.

மாரியம்மன் கோயில் மட்டும் இருந்தது. தகரக் கூரை போய்ச் சிறு கோபுரம் வந்திருந்தது. முன்னால் வாகனம் நிறுத்தச் சிமெண்டு போட்டிருந்தார்கள். சிராங்கூன் சாலையில் வாங்கிய சேலையை அத்தை பூசாரியிடம் கொடுத்து அர்ச்சனைக்குப் பெயர் சொல்லத் தொடங்கினார். சொன்னார், சொன்னார், சொல்லிக்கொண்டே போனார். தாத்தா, பாட்டி, அப்பா, பக்கத்து லயத்தார், பள்ளிக்கூட வாத்தியார், பிரசவம் பார்த்த மருத்துவச்சி. உயிரோடிருப்பவர்களுக்குத்தான் அர்ச்சனை செய்வது வழக்கம் என்று பூசாரி மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். “நீங்க பண்ணுங்க சாமி, அவுங்கல்லாம் இங்கதான் இருக்காங்க,” என்றார் அத்தை. பூசாரி செய்தார்.

திரும்பும் வழியில் மகளுக்கும் மச்சானுக்கும் வாக்குவாதம். பள்ளியில் வணிகப் பாதைகள் பற்றி ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். இரும்பையும் மணியையும் வைத்து எழுதப்போவதாக மகள் சொன்னாள். ராஜேந்திரனுக்கு ஒரு பத்தி போதும் என்றாள். மச்சானுக்குத் தாங்கவில்லை. ஒரே ஒரு பத்தியா என்று ஈப்போவரை கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் சமாதானமாகி, “சரி, அடுத்த லீவுல தஞ்சாவூருக்கே கூட்டிட்டுப் போறேன். அந்தக் கல்வெட்ட நேர்ல பாத்துட்டு எழுது,” என்றார்.

பின்னிருக்கையில் தூங்கிக்கொண்டிருப்பதாக நாங்கள் நினைத்த அத்தை கண்ணைத் திறந்தார். “தஞ்சாவூரு அப்புறம் போவலாம். மொதல்ல தாப்பால நிறுத்து, கால் மரத்துப் போச்சு.”